குடல்நோயும் தமிழேடும்: கிறீன் வைத்தியரின் நூற்பணி

மனிதனை மிகப் பழைய காலந்தொட்டு வருத்திவரும் நோய்களுள் வயிற்றையும் குடலையும் பற்றியன முதலிடம் பெறுவன. நோய்க்கு மருந்து கூறப் புகுந்த திருவள்ளுவர், மருந்து என்னும் அதிகாரத்தின் பெரும்பகுதியை உணவு செரித்தமை அறிந்து உண்ணுதற்கும், அளவிகவாது உண்ணுதற்கும் ஒதுக்கியமை இதனை நன்கு உணர்த்தும். தமிழ் வைத்திய மரபும் இத்துறையிற் சொல்வளம் மிக்கது. அக்கினி மந்தம், குன்மம், கிராணி, சீதபேதி, கழிச்சல் எனக் குடல்நோய்களை வேறு வேறாக வகுத்துப் பெயரிட்டு, அவற்றின் குணங்குறிகளையும் பரிகாரங்களையும் பாடலாற் கூறும் வழக்கம் தமிழகத்திலும் ஈழத்திலும் நெடுங்காலம் நிலவியது. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் பெயரோடு வழங்கும் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்கள் இம்மரபின் ஈழத்துச் சான்றுகளாகும்.

இக்காலத்தில் மருத்துவ ஆராய்ச்சியாளர் ஒருவரின் பெருமையை அளவிடுவோர், அவர் எத்தனை கட்டுரைகளை எந்தெந்த ஏடுகளில் வெளியிட்டார் என்றும், அவற்றை எத்தனை ஆராய்ச்சியாளர் எடுத்தாண்டனர் என்றும் வினவுகின்றனர். இவ்வளவுகோல் பயனற்றதன்று. ஆயினும் இதனால் அறியப்படாத ஒன்றுண்டு. எழுதப்பட்ட உண்மை, நோயாளியின் பாயருகே நிற்பவனைச் சென்று சேர்ந்ததா என்பதே அது. குடல்நோய்களின் வரலாற்றில் இவ்வினா உயிரையே பற்றியதாகும். வாந்திபேதியாற் பீடிக்கப்பட்டவன் ஒரு பகலில் இறந்துபடுதலும் உண்டு. அவனுக்கு உதவவேண்டிய அறிவு அவ்வூரிலேயே, அவ்வூர் வைத்தியன் அறிந்த மொழியிலேயே இருத்தல் வேண்டும். இவ்வுண்மையை நன்குணர்ந்து, தம் நூற்பணி முழுவதையும் இதன்மேற் கட்டியவர், மானிப்பாயில் வைத்தியம் புரிந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆவர்.

அவர் வந்தடைந்த நிலத்தின் இயல்பு முதற்கண் அறியத்தக்கது. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின்மேல் அமைந்தது. வற்றாத ஆறு எதுவும் இங்கில்லை; வழுக்கியாறும் மாரிகாலத்தில் மாத்திரம் ஓடுவது. மழைநீர் கல்லின் வெடிப்புகளினூடே விரைந்து கீழிறங்கி நிலத்தடியில் தங்குகின்றது. குடிப்பதற்கும் குளிப்பதற்கும் தோட்டத்துக்கும் மக்கள் கிணற்றையே நம்பி வாழ்ந்தனர். துலாவும் பட்டையும் யாழ்ப்பாணத்தானின் உழைப்புக்கு அடையாளமாயின. ஆனால் நீரை எளிதில் உட்கொள்ளும் கல், அழுக்கையும் எளிதில் உட்கொள்ளும். நெருங்கிய குடியிருப்புகளில் மலசலமும் கழிவுநீரும் மண்ணூடே கிணற்றை அணுகுதற்கு நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. எனவே நீரின் வழியாகப் பரவும் நோய்க்கு இந்நிலம் இடந்தருவதாயிற்று.

1817 ஆம் ஆண்டில் வங்காளத்திற் பெருகியெழுந்த வாந்திபேதி, அடுத்த ஆண்டில் இலங்கையையும் எட்டியது. அதன்பின் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் அது இடையிட்டு இடையிட்டு வந்து மக்களை வாரிச் சென்றது. இந்தியாவினின்றும் வந்த தோணிகளோடும், மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களை நோக்கி நடந்த தொழிலாளரோடும், திருவிழாக்களிற் கூடிய மக்களோடும் அது வழிநடந்தது. அதன் காரணம் எவருக்கும் தெளிவாகப் புலப்படவில்லை. மக்கள் அதனைத் தெய்வச் சீற்றமென்று அஞ்சினர். மேனாட்டு வைத்தியருட் பெரும்பாலார் அழுகிய பொருள்களினின்றும் எழும் தீய ஆவியே காரணமெனக் கருதினர்.

அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர்கள் யாழ்ப்பாணத்திற் பணிசெய்யத் தொடங்கியது இக்காலத்திலேயாம். அவர்களுள் முதல்வர் யோன் ஸ்கடர். 1819 இல் அமெரிக்காவினின்றும் புறப்பட்டு வந்த அவர், பண்டத்தரிப்பில் இருந்து வைத்தியம் செய்து, 1836 இல் சென்னைக்குச் சென்றார். அவருக்குப்பின் நேதன் வார்ட் என்பவர் வட்டுக்கோட்டையில் பணியாற்றினார். மூன்றாமவராக வந்தவரே கிறீன். 1822 ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதம் 10 ஆந் திகதி, மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஊஸ்ரர் நகரிற் பிறந்த அவர், நியூயோர்க்கிலுள்ள மருத்துவர் அறுவை வைத்தியர் கல்லூரியிற் பயின்று 1845 இற் பட்டம் பெற்றார். 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, 1848 இல் மானிப்பாயில் வைத்தியசாலையும் மருத்துவ வகுப்பும் தொடங்கினார். இலங்கையில் மேனாட்டு வைத்தியத்தை முறையாகக் கற்பித்த முதற் கல்விக்கூடம் இதுவே எனப் போற்றப்படுவது.

கிறீன் யாழ்ப்பாணத்துக்கு வந்த காலத்தில் வாந்திபேதியைப் பற்றிய அறிவு எந்நிலையில் இருந்தது என்பது ஆராயத்தக்கது. 1831 இன் இறுதியில் வில்லியம் ஓசோனெசி என்னும் இளம் வைத்தியர், வாந்திபேதி கண்டோரின் குருதியை ஆராய்ந்து, அதிலிருந்து நீரும் உப்பும் பெருமளவு நீங்கியிருப்பதைக் கண்டார். 1832 இல் ஸ்கொத்லாந்திலே தோமஸ் லற்றா, இழந்த உப்புநீரை நோயாளியின் நாளத்தினுள்ளே செலுத்தி, இறக்குந் தறுவாயிலிருந்த சிலரை மீட்டார். இவை இலண்டனில் வெளிவந்த லான்செற் என்னும் மருத்துவ ஏட்டிற் பதிப்பிக்கப்பட்டன. இருப்பினும் நோயின் அலை தணிந்ததும், லற்றா 1833 இல் இறந்ததும், அம்முறையை வைத்திய உலகம் மெல்ல மறந்தது. அதற்குப்பின்னும் பல்லாண்டுகள் நீரிழந்து வாடிய நோயாளிக்கு இரத்தங்குத்தி வாங்குதலும், பேதிமருந்து கொடுத்தலும், இரசக் கலவையும் அபினும் வழங்குதலும் நடந்தன. 1849 இல் இலண்டன் வைத்தியராகிய யோன் சினோ, இந்நோய் ஆவியால் அன்றி நீராற் பரவுவது என நூலெழுதினார்; 1854 இல் புரோட் வீதி நீரிறைகுழாயைச் சூழ்ந்து நேர்ந்த மரணங்களை எண்ணிக் காட்டி அதனை வலியுறுத்தினார். அதே ஆண்டில் இத்தாலியரான பிலிப்போ பாசினி, நோயாளரின் குடலிலே நோயுயிரைக் கண்டு எழுதினார். இவ்விருவர் சொல்லும் அக்கால அறிஞர் சபையிற் பெரிதும் ஏறவில்லை.

இவ்வரலாற்றினாற் பெறப்படுவது யாது? அச்சேறிய உண்மையெல்லாம் அறியப்பட்ட உண்மையாகிவிடுவதில்லை என்பதே. இலண்டன் நகரத்து வைத்தியரே தம் மொழியில், தம் நகரத்து ஏட்டில் வந்த செய்தியைப் பொருட்படுத்தாது விடுவாராயின், ஆங்கிலம் அறியாத மானிப்பாய்ச் சிற்றூரில் அச்செய்தி எங்ஙனம் பயன்படும்? மருத்துவ அறிவைப் பயன்படச் செய்தற்கு அதனைக் கண்டறிவோர் வேண்டும். அதனை எழுதுவோர் வேண்டும். எழுதியதை உரியவர் கையிற் சேர்ப்போரும் வேண்டும். இம்மூன்றாவது தொழிலையே கிறீன் தமதாக ஏற்றுக்கொண்டார். புதிய நோயுயிரொன்றையோ புதிய மருந்தொன்றையோ அவர் கண்டறிந்தாரல்லர். ஆயின் மேனாட்டு வைத்தியம் முழுவதையும் தமிழில் ஏடாக்கி வைக்கவேண்டும் என்னும் துணிபு, அக்காலத்தில் ஆராய்ச்சிக்குச் சிறிதும் குறைந்த முயற்சியன்று.

தொடக்கத்தில் அவருடைய வகுப்பு ஆங்கிலத்திலேயே நடந்தது. அதன் விளைவை அவர் தம் கண்ணாலேயே கண்டார். ஆங்கிலத்திற் கற்ற மாணவர் அரசாங்க வேலையை நாடியும் பிறவிடங்களை நாடியும் சென்றனர். கிராமங்கள் வைத்தியரின்றியே இருந்தன. தமிழிற் கற்பவன் தன் ஊரிலே தங்கித் தன் மக்களுக்கு வைத்தியம் செய்வான் என்று அவர் நம்பினார். முதன்முறை யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்திலேயே அவர் தமிழை நன்கு பயின்று மொழிபெயர்ப்பைத் தொடங்கிவிட்டார். இடையே தாய்நாடு சென்று, 1862 இல் திரும்பி வந்தபின், 1864 ஆம் ஆண்டு முதல் மருத்துவக் கல்வியைத் தமிழிலேயே நடத்தலானார். கிறித்தவராகும் தமிழர் உடையிலும் உணவிலும் பழக்கத்திலும் ஆங்கிலேயரைப் போல் மாறுதல் வேண்டாம் என்பதும் அவருடைய கருத்தாயிருந்தது. அவர் வந்த நோக்கம் மதம் பரப்புதலே என்பதிற் சந்தேகமில்லை. அவரும் அதனை மறைத்தாரல்லர். ஆயின் மொழியைப் பற்றிய அவருடைய முடிபு, மதவேறுபாட்டைக் கடந்து எடைபோடத்தக்கது.

கற்பிக்க நூல் இல்லாதபோது கல்வி நடவாது. எனவே கிறீனின் நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. அவற்றின் வரிசையை நோக்குவார்க்கு, அது மனம்போனவாறு அமைந்ததன்று என்பது புலனாகும். கற்றர் என்பவரின் உடல்நூலைத் தழுவி 1850 களில் வந்த அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல், உடலின் அமைப்பு, தொழில், நலம்பேணல் ஆகிய மூன்றையும் ஒருங்கே கூறுவது. 1857 இல் மோன்செலின் நூலைத் தழுவிய பிரசவ வைத்தியமும், 1867 இல் துரூயிற்றின் அறுவை நூலைத் தழுவிய இரணவைத்தியமும் வந்தன. 1872 இல் கிரேயின் பெருநூல் மனுஷ அங்காதிபாதமாகவும், ஹூப்பரின் வைத்திய நூல் வைத்தியாகரமாகவும் வெளிவந்தன. 1875 இல் கெமிஸ்தமும், 1883 இல் தால்ற்றனின் நூலாகிய மனுஷ சுகரணமும் தொடர்ந்தன. வேறிங்கின் இந்திய மருந்துநூலைத் தழுவிய இந்து பதார்த்த சாரமும் இவ்வரிசையைச் சேர்ந்தது. இவற்றோடு கலைச்சொற்றொகுதிகளும், மக்கள் படிப்பதற்கான சிறு துண்டுப் பிரசுரங்களும் உண்டு. மொத்தம் நாலாயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்கள் எனக் கணக்கிடப்பட்டுள்ளன. இவையெல்லாம் ஒருவர் தனித்துச் செய்தனவல்ல. சப்மன், டன்வோர்த் முதலிய மாணவர்கள் மொழிபெயர்க்க, கிறீன் ஒப்புநோக்கித் திருத்திய நூல்களும் பல. ஆசிரியரும் மாணவரும் கூடி நூல்செய்யும் இம்முறை, கல்விக்கூடத்தையே மொழிபெயர்ப்புக் கழகமாக்கிற்று.

குடல்நோயை அறியவிரும்பும் தமிழ் மாணவனுக்கு இவ்வரிசை என்ன உதவிற்று என்பதை எண்ணிப் பார்த்தல் தகும். இரைப்பையும் குடலும் எங்குள்ளன, எவ்வாறு அமைந்துள்ளன என்பதை அங்காதிபாதம் காட்டும். அவை என் செய்கின்றன என்பதைச் சுகரணம் கூறும். அவை கெட்டால் எழும் நோய்களையும் பரிகாரங்களையும் வைத்தியாகரம் கூறும். மருந்துச் சரக்குகளின் இயல்பைப் பதார்த்த சாரம் கூறும். இவற்றுள் தால்ற்றனின் மூலநூல் சிறப்பாக நோக்கத்தக்கது. நியூயோர்க்கிலே கிறீன் பயின்ற கல்லூரியிற் பிற்காலத்தில் ஆசிரியராயிருந்த யோன் கோல் தால்ற்றன், பிரான்சு தேசத்து குளோட் பேர்னாரிடம் பயின்றவர்; செரிமானத்தை விரிவாக எழுதியவர். அவருக்கு முன்னர் அமெரிக்க இராணுவ வைத்தியராகிய வில்லியம் போமன்ற், துப்பாக்கிச் சூட்டினால் இரைப்பையில் ஆறாத துவாரம் பெற்ற அலெக்சிசு சென் மார்ற்றின் என்பவனை வைத்துப் பல்லாண்டு சோதனை செய்து, உணவு இரைப்பையிற் கரைவது ஒரு புளிப்பு நீரின் இரசாயனத் தொழிலென்பதை 1833 இல் நூலாக வெளியிட்டிருந்தார். இவ்வாறு அமெரிக்கக் காட்டெல்லைக் கோட்டையொன்றிலே தொடங்கிய செரிமான ஆராய்ச்சி, ஐம்பது ஆண்டுகளுள் தமிழிலே கற்றற்குரிய கல்வியாயிற்று.

வேறிங்கின் நூலும் வேறொரு வகையாற் சிறப்புடையது. திருவிதாங்கூர் அரசவை வைத்தியராயிருந்த அவர் 1868 இல் தொகுத்த அம்மருந்துநூல், மேனாட்டு மருந்துகளோடு இந்நாட்டு மூலிகைகளையும் ஏற்றுக்கொண்டது. சிவபெருமானுக்குரிய வில்வத்தின் பழம் கழிச்சலுக்கும் சீதபேதிக்கும் உரிய மருந்தாக அதில் இடம்பெற்றது. எனவே அந்நூலைத் தமிழாக்கியபோது, தமிழ் வைத்தியன் முன்னரே அறிந்திருந்த சரக்குகள் சில, சோதித்து அளவு வரையறுத்த புதுக்கோலத்தோடு அவனிடமே திரும்பி வந்தன. இரு வைத்திய மரபும் ஒன்றையொன்று அறிந்துகொள்ளுதற்கு இது நல்லதொரு வாயிலாயிற்று.

கிறீன் ஆக்கிய சொற்களைப் பற்றிப் பிற்காலத்தார் குறை கூறியதுண்டு. வடசொற் கலப்பு மிகுதி என்பது அக்குறை. உண்மையே. ஆயினும் நூற்பெயர்களே அவருடைய சொல்லாக்க நெறியின் பரப்பைக் காட்டி நிற்பதை மறத்தலாகாது. இரணம் என்பது ஊர்மக்கள் வாயில் வழங்கிய சொல். அங்காதிபாதம் என்பது பாதாதிகேசம் பயின்ற தமிழ் மாணவனுக்கு உடனே பொருள் தோற்றத்தக்க ஆக்கம். கெமிஸ்தம் என்பதோ பிறமொழிச் சொல்லுக்குத் தமிழ் காதிற் பொருந்தும் ஈறு தந்தமைத்த ஆக்கம். உள்ள சொல்லை எடுத்தல், இல்லாததை அறிந்த உறுப்புகளாற் கட்டுதல், கட்டவியலாததைக் கடன்வாங்கித் தமிழாக்குதல் ஆகிய மூன்று வழிகளும் அக்காலத்திலேயே திறக்கப்பட்டுவிட்டன. இருபதாம் நூற்றாண்டில் சென்னையிலும் கொழும்பிலும் கலைச்சொல் ஆக்கிய குழுவினர் தனித்தமிழ்ச் சொற்களை மிகுதியாக நாடினரெனினும், அவர்கள் எதிர்ப்பட்ட வினாக்கள் மானிப்பாயில் முன்னரே எழுந்த வினாக்களே.

இந்நூல்களாற் பயன்பெற்றோர் யாவர்? கிறீனிடம் கற்ற மாணவர் அறுபதுக்கு மேற்பட்டவராவர். 1866, 1867 ஆகிய ஆண்டுகளில் வாந்திபேதி யாழ்ப்பாணத்திற் கொள்ளை நோயாகப் பரவிற்று. தமிழ் மூலம் மருத்துவம் பயிலும் வகுப்புத் தொடங்கி அப்பொழுது ஈராண்டே ஆகியிருந்தது. ஒரு வைத்தியர் ஒரு வைத்தியசாலையில் இருந்து குடாநாடு முழுவதையும் காத்தல் இயலாது என்பதை இத்தகைய காலங்களே தெளிவாகக் காட்டுவன. பல ஊர்களிற் பல வைத்தியர் இருத்தல் வேண்டும். அவர்கள் சொல்வதை ஊரார் விளங்கிக்கொள்ளுதலும் வேண்டும். நோயாளியின் துணியைக் கிணற்றடியில் துவையாதே என்று ஒரு தாய்க்கு அறிவுறுத்துதற்கு அவளுடைய மொழியன்றி வேறு மொழி உதவாது.

கிறீன் பிறந்த 1822 ஆம் ஆண்டிலேயே நல்லூரில் ஆறுமுக நாவலரும் பிறந்தார் என்பது சைவ உலகம் கருத்தில் கொள்ளத்தக்க ஒற்றுமை. கிறீன் மானிப்பாயில் மருத்துவ வகுப்பைத் தொடங்கிய 1848 ஆம் ஆண்டே, நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆண்டுமாகும். சமயத்தால் இருவரும் எதிர்முனையில் நின்றவர்கள். மிசனரிமாரின் மதமாற்ற முயற்சியை எதிர்த்தலே நாவலரின் வாழ்நாட்பணியாயிருந்தது. ஆயினும் கற்றோர்க்கும் மற்றோர்க்கும் விளங்கும் தமிழ் உரைநடையும், அச்சியந்திரமும், பாடசாலையும் சேர்ந்தாலன்றி அறிவு மக்களைச் சென்றடையாது என்னும் உண்மையை இருவரும் ஒருங்கே கண்டனர். நாவலர் உரைநடையைச் சமயத்துக்கும் இலக்கணத்துக்கும் கல்விக்கும் ஆக்கினார். கிறீன் அதனை எலும்புக்கும் குருதிக்கும் குடலுக்கும் ஆக்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்துத் தமிழ் உரைநடையின் வரலாறு இவ்விரண்டு கரையையும் ஒருங்கே காண்பார்க்கே முழுமையாக விளங்கும்.

இத்துணை முயற்சியும் நிலைபெறாமற்போனது ஏன் என்பதே இவ்வரலாற்றின் கசப்பான பகுதியாகும். 1870 ஆம் ஆண்டு கொழும்பில் அரசாங்க மருத்துவக் கல்லூரி தொடங்கிற்று. அங்கே கல்விமொழி ஆங்கிலம். அங்குப் பயின்றவர்க்கு அரசாங்க வேலையும் மதிப்பும் காத்திருந்தன. மானிப்பாயில் தமிழிற் கற்றவனுக்கோ ஊரின் நன்றியே ஊதியம். உடல்நலங் குன்றிய கிறீன் 1873 இல் தாய்நாடு திரும்பினார். அவர் சென்றபின் தமிழ்மூல மருத்துவக் கல்வி தளர்ந்து மறைந்தது. தமிழில் மருத்துவம் கற்பிக்க இயலாது என்பதனால் அது மறைந்ததன்று. இயலும் என்பது நூலாலும் மாணவராலும் மெய்ப்பிக்கப்பட்டது. கற்றவனுக்குரிய பதவியும் அங்கீகாரமும் வேறொரு மொழியின் கையில் இருந்தமையாலேயே அது மறைந்தது. சொல்லில்லாக் குறையினும் வேலையில்லாக் குறையே வலிதாயிற்று.

யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்ற பின்னரும் கிறீன் தம் பணியை விட்டாரல்லர். ஊஸ்ரரிலுள்ள தம் குடும்ப இல்லத்திலிருந்தவாறே தமிழ்க் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்தி வந்தார். கெமிஸ்தமும் மனுஷ சுகரணமும் அவர் சென்ற பின்னர் வெளிவந்தனவே. தமிழ் பேசுவார் எவருமில்லாத ஊரிலிருந்து, கடல் கடந்த மாணவனுக்காக ஒருவர் பதினோராண்டு தமிழ் எழுதிக்கொண்டிருந்தார் என்பது எளிதில் மறக்கத்தக்கதன்று. 1884 ஆம் ஆண்டு தொடக்கத்தில், றொபேட் கொக் என்னும் ஜேர்மானிய அறிஞர் கல்கத்தாவில் வாந்திபேதியின் கிருமியைத் தெளிவுறக் கண்டு உலகுக்கு அறிவித்தார். அவ்வாண்டு மே மாதம் 28 ஆந் திகதி கிறீன் காலமானார். நோயின் காரணம் ஐயமற அறியப்படாத காலத்திலேயே அவர் பணி முழுவதும் நிகழ்ந்தது. அவருடைய கல்லறையில் அவர் பெயரோடு பொறிக்கப்பட்டிருப்பது, தமிழர்க்குத் தொண்டாற்றிய மருத்துவ ஊழியர் என்னும் கருத்துடைய தொடராகும்.

அவருக்குப் பின் குடல்நோய் ஆராய்ச்சி வியத்தகு வளர்ச்சி பெற்றது. 1959 இல் கல்கத்தா அறிஞர் சம்புநாத் தே, வாந்திபேதிக் கிருமி வெளியிடும் நஞ்சே குடலினின்றும் நீரை வெளியேற்றுகின்றது என்பதைக் காட்டினார். அக்கட்டுரையின் பெருமையும் அவர் வாழ்நாளிற் போதிய அளவு உணரப்படவில்லை. உப்போடு குளுக்கோசும் சேரின் குடல் நீரை ஏற்கும் என்னும் உண்மையைப் பற்றி, 1968 இல் டாக்காவில் ஆராய்ச்சியாளர் வாய்வழிக் கரைசலை வாந்திபேதி நோயாளருக்குக் கொடுத்துப் பயன் கண்டனர். 1971 இல் வங்காள அகதிமுகாமில் திலீப் மகலனபிசு அதனைப் பெருமளவிற் கையாண்டு பலர் உயிரைக் காத்தார். 1832 இல் லற்றா கண்ட உண்மை, நாளத்தையும் ஊசியையும் விட்டுக் குவளைக்கு வந்து சேர நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேலாயின. பின்னர் அரிசிமாவாற் செய்த கரைசலும் பயனுடையதென 1980 களில் நிறுவப்பட்டது. கழிச்சல் கண்டவனுக்கு உப்பிட்ட கஞ்சி கொடுக்கும் யாழ்ப்பாணத்து வீட்டு வழக்கம், இவ்வாராய்ச்சிக்கு அண்மையிலேயே நின்றது எனலாம்.

இவ்வளர்ச்சியில் யாழ்ப்பாணத்தோடு தொடர்புடைய கிளையொன்றும் உண்டு. பண்டத்தரிப்பில் வைத்தியம் செய்த யோன் ஸ்கடரின் பேர்த்தியாகிய ஐடா ஸ்கடர், வேலூரில் தொடங்கிய சிறு வைத்தியசாலை பிற்காலத்தில் பெரிய மருத்துவக் கல்லூரியாயிற்று. அங்கே 1960 களில் செல்வின் பேக்கர், மாத்தன் முதலியோர், சிறுகுடல் உணவின் சாரத்தை ஏற்கும் ஆற்றல் குன்றும் ஸ்புரூ என்னும் நோயைச் சூழவுள்ள ஊர்களில் ஆராய்ந்து உலகப் புகழ்பெற்ற கட்டுரைகளை வெளியிட்டனர். 2000 ஆம் ஆண்டில் ராமகிருஷ்ணாவும் அவர் குழுவினரும், எளிதிற் செரியாத மாப்பொருளை வாய்வழிக் கரைசலோடு சேர்த்தால் வாந்திபேதியின் கழிச்சல் விரைவில் குறையும் எனக் காட்டினர். குழந்தைகளைக் கொல்லும் உறோற்றா வைரசுக் கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து ஆக்கும் பணியிலும் வேலூர் பெரும்பங்கு கொண்டது. தமிழ் மண்ணில், தமிழ் நோயாளரிடத்துக் கண்டறிந்த இவ்வுண்மைகள் யாவும் ஆங்கில ஏடுகளிலேயே வெளிவந்தன. உலக அறிவோடு உறவாடுதற்கு அது வேண்டியதே. ஆயின் அவ்வுண்மைகள் எவருடைய உடலினின்றும் பெறப்பட்டனவோ, அவர்கள் மொழியில் அவற்றைத் திருப்பித் தருவதற்கு இன்னொரு கிறீன் தோன்றினாரல்லர்.

கிறீனின் பெயர் மறைந்துவிடாமற் காத்தவர்களுள் ஈழத்துக் கவிஞர் அம்பி முதன்மையானவர். அவர் எழுதிய நூல்கள், மருத்துவத் தமிழின் முன்னோடியாகக் கிறீனைத் தமிழுலகுக்கு மீண்டும் அறிமுகஞ் செய்தன. மானிப்பாயிலுள்ள வைத்தியசாலை கிறீனின் பெயர் தாங்கி நிற்கின்றது. 1978 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவபீடம் தொடங்கியதனால், அவர் காலத்துக்குப்பின் அறுந்த மருத்துவக் கல்வி இக்குடாநாட்டில் மீண்டும் வேரூன்றிற்று. எனினும் கல்விமொழி ஆங்கிலமேயாம். நூல்களிற் சில எண்ணிம வடிவிற் படிக்கக் கிடைக்கின்றன.

மருத்துவ ஆராய்ச்சியாளரின் நூற்பட்டியலை எடைபோடுதற்கு இரண்டு தட்டுகள் வேண்டும். ஒன்று, அவர் அறிவுலகுக்குப் புதிதாகத் தந்தது யாது என்பது. மற்றொன்று, அவ்வறிவு யாரை நோக்கி எழுதப்பட்டது என்பது. முதற்றட்டில் கிறீனின் நிறை பெரிதன்று. இரண்டாந் தட்டிலோ அவரோடு ஒப்பவைத்தற்குரியார் மிகச் சிலரே. இன்றும் இக்குடாநாட்டின் மக்கள் நிலத்தடி நீரையே பெரிதும் நம்பி வாழ்கின்றனர். இன்றும் அக்கல் அழுக்கை எளிதில் உட்கொள்ளும் கல்லே. கிணற்றையும் மலகூடத்தையும் உணவையும் குழந்தையின் கழிச்சலையும் பற்றி ஆராய்ச்சியாளர் அறிந்தவை பல. கிணற்றடியில் நிற்பார் அவற்றுள் எத்தனையை அறிவார் என்பதே எஞ்சிநிற்கும் வினா. ஆங்கிலத்தில் ஆராய்ந்து வெளியிடும் வைத்தியர் ஒவ்வொருவரும், அதன் சாரத்தைத் தமிழில் நாலு பக்கமாயினும் எழுதிவைப்பாராயின், மானிப்பாயில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் தொடங்கி இடைமுறிந்த பணி மீண்டும் தொடங்கியதாகும்.